பலகைக்குப் பின்னால் நின்றவர்

இது பசைதான் அக்கா. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. உங்கள் புடவையில் படாது, காய்ந்துவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு புத்தகத்துக்குள் துண்டுக் காகிதம் ஒட்டிவிட்டு வருகிறேன். அதற்காகவா தாம்பரத்திலிருந்து இவ்வளவு தூரம் என்று கேட்கிறீர்கள். ஆமாம். அதற்காகவும்தான்.

சொல்கிறேன். பஸ் வேலூர் போய்ச்சேர இன்னும் நேரம் இருக்கிறது. ஆனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் சொல்லப்போவதை நான் பார்க்கவில்லை. எனக்குச் சொன்னவரும் பார்க்கவில்லை. அவருக்குச் சொன்னவர் பார்த்தார், ஆனால் கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார். இதை நான் முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தால் இந்தப் பசைக்கு வேலையே இருந்திருக்காது.

நான் எம்.ஏ. வரலாறு படித்தவள் அக்கா. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஆட்டோவின் பின்னால் ‘சுகந்தி எம்.ஏ.’ என்று எழுதி வைத்திருக்கிறார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. ஒவ்வொரு முறை அந்த ஆட்டோவைப் பார்க்கும்போதும் யாரோ என்னிடம் கேள்வி கேட்கப் போகிறார்கள், பதில் தெரியாமல் நிற்கப் போகிறேன் என்று இருக்கும். அதனால் எதையும் இரண்டு முறை சரிபார்ப்பேன். தேதி, ஊர், பெயரின் முதலெழுத்து எல்லாம். அந்த மலரில் நூற்றுப் பன்னிரண்டு தேதிகள் இருக்கின்றன. ஒன்றுகூடத் தவறு இல்லை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை.

என்ன மலர் என்றால், நான் வேலை செய்கிற அச்சகத்தில் விழா மலர்கள் போடுவோம். கோயில் கும்பாபிஷேகம், பள்ளிக்கூடப் பொன்விழா, சங்கத்து ஆண்டு மலர். முதலாளி அல்போன்ஸ் சார். இரண்டு வருடத்துக்கு முன்னால் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் சிலர் வந்தார்கள். அவர்கள் எல்லாரும் ஒரே ஸ்குவாட்ரனில், அதாவது ஒரே படைப்பிரிவில், வேலை பார்த்தவர்கள். அதற்கு அறுபது வயதாகிறது, தமிழ்நாட்டில் இருக்கிற பழைய ஆட்கள் சேர்ந்து ஒரு வைரவிழா மலர் போட வேண்டும், வரலாறு எழுத ஆள் வேண்டும் என்றார்கள். அல்போன்ஸ் சார் என்னைக் கைகாட்டி, “நம்ம கிட்டயே ஹிஸ்டாரியன் இருக்காங்க” என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் அவர்கள் கிண்டல் என்று நினைக்கவில்லை. எழுந்து எனக்கு வணக்கம் சொன்னார்கள்.

விமானமே இல்லாத ஸ்குவாட்ரன் அக்கா அது. எனக்கும் முதலில் புரியவில்லை. பறக்கிறது அவர்கள் வேலை இல்லை. வானத்தில் யார் வருகிறார்கள், நம் ஆளா, வேறு ஆளா என்று ரேடாரில் பார்த்துக்கொண்டே இருப்பது, பறக்கிற நம் பைலட்டுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எவ்வளவு உயரத்துக்கு இறங்க வேண்டும் என்று தரையிலிருந்து சொல்வது, அதுதான் வேலை. அறுபத்து மூன்றில் பஞ்சாபில் ஒரு கோதுமை வயல் ஓரம் பதினோரு கூடாரத்தில் ஆரம்பித்தார்கள். ஒரு ரேடார், இரண்டு ஜெனரேட்டர். அப்புறம் மண்ணுக்கு அடியில் கான்கிரீட் அறை வந்தது. இரண்டு போர் வந்து போனது. எண்பத்தெட்டில் கம்ப்யூட்டர் வந்து எல்லாம் திரைக்குப் போய்விட்டது. ஆனால் அதற்கு முன்னால் இருபத்தைந்து வருடம் எல்லாமே ஒரு கண்ணாடிப் பலகையில்தான் நடந்தது.

அந்தப் பலகையைச் சொன்னால்தான் மற்றது புரியும். சுவர் உயரத்துக்கு நிற்கிற பலகை. கண்ணாடி மாதிரி இருக்கும், உண்மையில் கெட்டியான பிளாஸ்டிக். அதில் வரைபடக் கோடுகள். முன்பக்கம் மேடையில் அதிகாரிகள் உட்கார்ந்திருப்பார்கள். பின்பக்கம் ஒருவர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மெழுகுப் பென்சிலுடன் நிற்பார். இன்னொரு அறையில் ரேடார் முன்னால் இருப்பவர் விமானம் இப்போது எங்கே என்று ஹெட்போனில் சொல்லச் சொல்ல, இவர் பலகையில் குறிப்பார். பின்னால் நின்று குறிக்கிறார், முன்னால் இருப்பவர்கள் படிக்க வேண்டும். அதனால் எல்லா எண்ணையும் எழுத்தையும் இடம் வலமாக மாற்றித்தான் எழுத வேண்டும். நின்றபடி, வேகமாக, ஆறு மணி நேரம். முன்பக்கம் இருப்பவர்களுக்கு அவர் ஒரு நிழல் மாதிரித்தான் தெரிவார். விளக்கு அப்படி வைத்திருப்பார்கள். எழுத்து தெரிய வேண்டும், ஆள் தெரியக் கூடாது.

அப்படி நின்றவர்தான் ஏகாம்பரம் ஐயா. அப்போது கார்ப்பரல். ஓய்வு பெறும்போது சார்ஜென்ட். நீங்கள் ஏறின நிறுத்தத்துக்கு மூன்று நிறுத்தம் முன்னால் அவர் ஊர். நான் அங்கிருந்துதான் வருகிறேன்.

மலருக்காக நான் முதலில் பேட்டி எடுத்தது அவரைத்தான். போன வருடம் ஜூன் மாதம் வந்தேன். அவர் மனைவி கன்னியம்மா எனக்குக் கேழ்வரகு அடை சுட்டுக் கொடுத்தார்கள். ஐயா நிறையப் பேசினார். போனில் நாற்பத்தொரு நிமிடம் பதிவு செய்தேன். கடைசியில் அவர் வீட்டு ஜன்னல் கண்ணாடியில் சுண்ணாம்புக் கட்டியால் என் பெயரை ஆங்கிலத்தில் எழுதினார். உள்ளே இருந்து பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. “வெளிய போயி பாரு பாப்பா” என்றார். போய்ப் பார்த்தால் என் பெயர் அச்சடித்த மாதிரி நிற்கிறது. அதற்குப் பின்னால் அவர் நிழல். ஐம்பது வருடத்துக்கு அப்புறமும் கை மறக்கவில்லை. அதைப் படம் எடுத்து மலரில் முழுப் பக்கத்துக்குப் போட்டேன். எல்லாரும் அந்தப் படத்தைத்தான் பாராட்டினார்கள்.

அதற்குப் பிறகுதான் விங் கமாண்டர் கருணாகரன் சாரைப் பார்த்தேன். கீழ்ப்பாக்கத்தில் வீடு. அதே ஸ்குவாட்ரனில் எழுபத்து நான்கில் இளம் அதிகாரியாக இருந்தவர். மிகவும் நல்லவர் அக்கா. நான் தப்பாகச் சொல்ல மாட்டேன். பீங்கான் கோப்பையில் காபி கொடுத்தார். என்னை ‘யங் லேடி’ என்று கூப்பிட்டார். “வரலாறு எழுதறது பெரிய பொறுப்பு. உங்களை மாதிரி படிச்ச பெண்கள் வந்தாத்தான் உண்டு” என்றார். அதுவரை யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. நான் சோபாவின் நுனியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தேன்.

அவர்தான் அந்த ஜனவரி மாதத்துக் காலையைச் சொன்னார். எழுபத்து நான்கு. பஞ்சாபில் பனிமூட்டம். இரண்டு விமானங்கள் திரும்பி வருகின்றன. ஒன்றில் எரிபொருள் குறைவு. இருபத்து மூன்று வயதுப் பைலட். மேடையில் இருந்த அதிகாரி பலகையைப் பார்த்துத்தான் அவனுக்குத் திசை சொல்ல வேண்டும். பலகையில் பென்சில் நகரவில்லை. அதிகாரி பார்க்கிறார், பார்க்கிறார், நிழல் அப்படியே நிற்கிறது. “நின்னுக்கிட்டே தூங்கிட்டான், குதிரை மாதிரி” என்றார் கருணாகரன் சார். சொல்லிவிட்டுச் சிரித்தார். பெரிய சிரிப்பு இல்லை, சின்னதாக. அதிகாரி தானாக ஒரு கணக்குப் போட்டுத் திசை சொன்னார். அது தவறாகப் போயிற்று. எரிபொருள் தீர்ந்து பையன் பாராசூட்டில் குதித்தான். இரண்டு காலும் முறிந்தது. உயிர் பிழைத்தான், ஆனால் பிறகு பறக்கவே இல்லை.

நான் என்ன கேட்டிருக்க வேண்டும் அக்கா? ‘சார், அப்போது நீங்கள் அந்த அறையில் இருந்தீர்களா?’ வரலாறு படித்தவள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்தது. அதை நான் கேட்கவில்லை. பைலட் எந்தக் கிழமை குதித்தார் என்று கேட்டேன். அவருக்குத் தேதிதான் ஞாபகம் இருந்தது. பழைய நாட்காட்டியைப் பார்த்துச் சரிபார்த்தேன். வியாழக்கிழமை.

அதை எழுதாமல்கூட விட்டிருக்கலாம். நவம்பரில் பக்கங்களைக் கட்டியபோது முப்பத்து நான்காம் பக்கம் காலியாக இருந்தது. ஒரு விளம்பரம் வருவதாக இருந்தது, வரவில்லை. அல்போன்ஸ் சார் என் மேஜைக்கு வந்து, “ஹிஸ்டாரியன் மேடம், முப்பத்து நாலு வெள்ளையா இருக்கு. எதையாவது நெரப்பு. கொஞ்சம் சுவாரசியமா இருக்கட்டும், பூரா தேதியாவே இருக்கு” என்றார்.

தேதியாகவே இருக்கிறது என்று சொன்னது எனக்குச் சுருக்கென்று இருந்தது. அதனால் எழுதினேன். ‘ஒரு பனிக்காலக் காலை’ என்று தலைப்பு. ஒரே மூச்சில் எழுதினேன். நன்றாகவும் வந்தது. ‘பலகைக்குப் பின்னால் நின்றவர் சில நிமிடங்கள் கண்ணயர்ந்துவிட்டதாகக் கூறப்படுகிறது’ என்று போட்டேன். ‘கூறப்படுகிறது’ என்று போட்டிருக்கிறேன் அக்கா, கவனியுங்கள். பெயரும் போடவில்லை. பெயர் முப்பத்தொன்றாம் பக்கத்தில்தான் இருக்கிறது, பழைய குழுப் படம் ஒன்றுக்குக் கீழே. ‘பலகைக்குப் பின்னால்: கார்ப்பரல் ஏகாம்பரம்’ என்று. இரண்டுக்கும் நடுவில் இரண்டு பக்கம் இருக்கிறது.

சிரிக்காதீர்கள். இதைத்தான் நான் நாலு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மேடையில் இருந்து தவறான திசை சொன்ன அதிகாரி பெயரா? அது எனக்குத் தெரியும். போடவில்லை. இறந்துவிட்டார். பிள்ளைகள் பெரிய இடத்தில் இருக்கிறார்கள். அவர்கள் மனம் நோகக் கூடாதே என்று... ஆமாம். நீங்கள் பார்க்கிற பார்வை புரிகிறது.

டிசம்பரில் விழா. தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபம். ஏகாம்பரம் ஐயாவும் கன்னியம்மாவும் வந்திருந்தார்கள். ஐயா மடிப்புக் கலையாத சட்டையில் மெடல் குத்தியிருந்தார். நான்தான் ஓடிப்போய் அவர் கையில் மலரைக் கொடுத்து ஜன்னல் படத்தைத் திருப்பிக் காட்டினேன். சிரித்தார். அப்புறம் மற்ற பக்கங்களைப் புரட்டினார். நான் அடுத்தவருக்குக் கொடுக்கப் போய்விட்டேன். சாப்பாட்டுப் பந்தியில் அவர்களைக் காணோம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போல என்று நினைத்தேன்.

அத்தோடு நிற்கவில்லை. இருபது பிரதி மிச்சம் இருந்தது. அதில் ஒன்றை நானே அவர் ஊர் அரசுப் பள்ளி நூலகத்துக்குத் தபாலில் அனுப்பினேன். ‘உங்கள் ஊர்க்காரர் பணியாற்றிய ஸ்குவாட்ரனின் வரலாறு, மாணவர்கள் படித்துப் பயன்பெறட்டும்’ என்று கையால் எழுதி, கீழே என் பெயரும் பட்டமும் போட்டேன். யாரும் என்னை அனுப்பச் சொல்லவில்லை.

பிப்ரவரியில் திருச்சூரிலிருந்து ஒரு போன் வந்தது. வர்கீஸ் என்று ஒருவர். யாரோ அவருக்கு மலரை அனுப்பியிருக்கிறார்கள். எழுபத்து நான்கில் ரேடார் முன்னால் உட்கார்ந்து ஏகாம்பரம் ஐயாவின் ஹெட்போனில் பேசினவர் அவர்தான். மலையாளம் கலந்த தமிழில் பேசினார். “மோளே, முப்பத்து நாலு எழுதினது ஆரு?” என்றார். நான்தான் என்றேன். “நீ அந்நு அவிடெ இருந்தோ?” என்றார். அன்று நீ அங்கே இருந்தாயா என்று கேட்கிறார்.

பிறகு சொன்னார். அன்று காலை ரேடாரில் அந்த விமானம் மறைந்துவிட்டது. புள்ளியே வரவில்லை. அவர் ஹெட்போனில் ‘வெய்ட்’ என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். பிறகு சொல்ல எதுவும் இல்லை. இரண்டு நிமிடம் பத்து விநாடி கழித்துத்தான் புள்ளி திரும்ப வந்தது. அதுவரை பலகையில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்றால், ஒன்றும் செய்யக் கூடாது. பென்சிலைக் கடைசிப் புள்ளியில் வைத்தபடி நிற்க வேண்டும். அதுதான் அவர்கள் வழக்கம். காதில் விழுந்ததை மட்டும்தான் குறிக்கலாம். இந்நேரம் இங்கே வந்திருக்கும் என்று தானாக ஒரு புள்ளி வைத்துவிட்டால், முன்னால் இருப்பவர் அதை உண்மை என்று நம்பிவிடுவார். கையை எடுத்தால் அந்த விமானம் முடிந்துவிட்டது என்று பொருள். அதனால் கையையும் எடுக்கக் கூடாது. அந்த ‘வெய்ட்’ அவர்கள் இரண்டு பேர் காதில் மட்டும்தான் விழுந்தது. முன்னால் இருந்தவருக்கு அசையாத நிழல்தான் தெரிந்தது. “அவன் உறங்கியில்லா. அவன் அன்னைக்கு செய்ஞ்சது மாத்ரமே அந்த ரூமில் சரி” என்றார் வர்கீஸ்.

நான் கீழ்ப்பாக்கத்துக்கு ஓடினேன். கருணாகரன் சாரிடம், “சார், நீங்க அன்னைக்கு அந்த அறையில இருந்தீங்களா?” என்று கேட்டேன். எட்டு மாதம் தாமதமாகக் கேட்டேன்.

“இல்லையே, யங் லேடி. எனக்கு அன்னைக்கு ஆஃப். மேடையில இருந்தவர் ஆபீசர்ஸ் மெஸ்ஸில சொன்னார், அவர்தான் கன்ட்ரோலர். அப்புறம் நாங்க எல்லாருமே அதைச் சொல்லுவோம். மெஸ் கதை.”

“விசாரணை நடந்துச்சா சார்?”

“நடந்தது. கருவிக் கோளாறுன்னு முடிச்சாங்க. யார் மேலயும் குத்தம் இல்லை.”

“அதை நீங்க எங்கிட்ட சொல்லலையே சார்.”

“நீ கேக்கலையேம்மா” என்றார். பொய் இல்லை. நான் கேட்கவில்லை. அப்புறம், “பேர் போடலையே, விடு. ஐம்பது வருஷக் கதை, யாருக்கு வலிக்கப் போகுது?” என்று காபி வரவழைத்தார். குடித்தேன் அக்கா. மறுக்கத் தெரியவில்லை.

மலர் போட்ட பழைய ஆட்களின் சங்கத்துச் செயலாளரிடம் திருத்தம் அனுப்பச் சொன்னேன். அடுத்த வருடம் கூடும்போது மேடையில் சொல்லிவிடலாம் என்றார். அல்போன்ஸ் சார் மட்டும் இயந்திரத்தைக் காட்டி, “அடிச்சுக்கோ” என்றார். துண்டுக் காகிதம் அடித்தேன். அதை எழுதவே எனக்கு நாலு மாதம் ஆயிற்று. உண்மையாகச் சொன்னால், எழுத ஒரு நாள். இங்கே வரத்தான் நாலு மாதம்.

இன்று காலை முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமையாசிரியை நூலகத்திலிருந்து மலரை எடுத்துக் கொடுத்தார். புது மலர் அக்கா, ஆனால் தூக்கினதும் முப்பத்து நான்காம் பக்கத்தில் தானாகத் திறந்தது. அங்கேதான் ஒட்டினேன். பசை கொட்டிவிட்டது. ஒட்டும்போது அந்த அம்மா சொன்னார், ஐயாதான் இருபத்திரண்டு வருடமாகக் குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் அங்கே கொடியேற்றுவாராம். இந்த ஜனவரியில் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். பிள்ளைகள் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்திருக்கிறார்களாம். ஒருவர் கையை நீட்டிக் கண்ணை மூடி நிற்க வேண்டும். மற்றவர்கள் விமானம் மாதிரி கையை விரித்துச் சுற்றிச் சுற்றி ஓடி ஒவ்வொருவராக விழ வேண்டும். நிற்கிறவருக்குப் பெயர் ஏர்ஃபோர்ஸ் தாத்தா. “கண்டிச்சிட்டேன், இப்ப வெளையாடறதில்ல” என்றார். நான் உள்ளே இருந்தபோது வெளியே மைதானத்தில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்க்கவில்லை.

பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். கன்னியம்மா கதவைத் திறந்தார்கள். இந்த முறை உட்காரச் சொல்லவில்லை.

“இன்னா, இன்னும் எதுனா எழுதணுமா?”

“இல்லம்மா, தப்பா எழுதிட்டேன். திருத்த வந்திருக்கேன்.”

“அம்பது வருசமா இந்த மனுசன் தூங்கிட்டாருன்னு ஊர்ல ஒருத்தரும் சொன்னதில்ல. நீ வந்து அடை தின்னுட்டுப் போயி அச்சடிச்சுக் குட்த்த. எங்க மருமவன் போன் பண்ணி, மாமா, பைலட்டு காலை நீங்கதான் ஒடச்சீங்களாமேன்னு சிரிக்கிறான்.”

ஐயா உள்ளேயிருந்து வந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. வர்கீஸ் பேசினதைச் சொன்னேன். முகம் கொஞ்சம் மாறியது. “வர்கீஸ் இருக்கானா?” என்று மட்டும் கேட்டார். போன் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.

“ஐயா, இது இப்படின்னு எனக்குத் தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டேன்” என்றேன்.

கன்னியம்மா சட்டென்று திரும்பினார்கள். “ஏன், இவரு அன்னிக்கு உன்கிட்ட...”

“கன்னி, விடு” என்றார் ஐயா. “தண்ணி எடுத்துகினு வா.”

துண்டுக் காகிதத்தைக் கொடுத்தேன். நான்கு வரிதான். அன்று ரேடாரில் புள்ளி மறைந்தது, விசாரணையில் கருவிக் கோளாறு என்று முடிவானது, கார்ப்பரல் ஏகாம்பரம் உறங்கவில்லை, அவர் தம் கடமையைச் சரியாகச் செய்தார். இந்த முறை பெயரைப் போட்டிருந்தேன். அவர் மெதுவாகப் படித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூன்றாவது வரியை ஒரு கோடு போட்டு அடித்தார். நாலாவது வரியையும் அடித்தார்.

“ஐயா, அது உண்மைதானே?”

“நான் தூங்குனதும் உனக்குத் தெரியாது. தூங்காததும் உனக்குத் தெரியாது. மேல ரெண்டு வரி இருக்குது பாரு, அது போதும்.”

“பள்ளிக்கூடத்துல இருக்கறதுல ஒட்டிட்டேங்க ஐயா.”

“நாலு வரியோடவா?”

“ஆமாங்க.”

“அப்ப அதுவும் அச்சுதான்” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை அக்கா. கோபப்பட்டிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன். ஆகஸ்டுக்குக் கொடியேற்ற வரச் சொல்லித் தலைமையாசிரியை கேட்டார்கள் என்றேன். “இந்த வருசம் வேற ஆளப் பாக்கச் சொல்லு. முட்டி வலி” என்றார். கன்னியம்மா தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்கள். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கிளம்பும்போது ஜன்னலைப் பார்த்தேன். என் பெயர் இல்லை. அதை எப்போதோ கழுவியிருப்பார்கள், அது பரவாயில்லை.

அவ்வளவுதான் அக்கா. மிச்சத் துண்டுகள் இந்தப் பையில் இருக்கின்றன. கடைசி இரண்டு வரியையும் அடித்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டும். இல்லை, புதிதாக அடிக்க வேண்டும். ஊசூர் வந்துவிட்டதா? இறங்குங்கள், இறங்குங்கள், பையை நான் எடுத்துக் கொடுக்கிறேன்.

என்ன கேட்டீர்கள்? இல்லை அக்கா. அவர் என்னிடம் அப்போது எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எழுதியிருப்பேனே.

*

அக்கா, நீங்கள் இறங்கிப் போய்விட்டீர்கள். உங்கள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனாலும் நீங்கள் படிக்கட்டில் நின்று, “ஏம்மா, அந்தாளு மொதல்லயே உன்கிட்ட சொல்லலியா?” என்று கேட்டதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுதிச் சரிசெய்ய வேண்டும்.

அந்த நாற்பத்தொரு நிமிடப் பதிவில் இருபத்தைந்து நிமிடம் வரைதான் நான் கேட்டுத் தட்டச்சு செய்திருந்தேன். மிச்சம் ஜன்னலில் பெயர் எழுதினதுதானே, அதற்குப் படம் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். வேலூர் பஸ் ஸ்டாண்டில் சென்னை வண்டிக்காகக் காத்திருந்தபோது கன்னியம்மா பாதியில் நிறுத்தின வாக்கியம் ஞாபகம் வந்தது. காதில் மாட்டிக் கேட்டேன்.

முப்பத்து மூன்றாவது நிமிடத்தில் அவர் சொல்கிறார்: “ஒரு தபா ரெண்டு நிமிசம் பத்து செகண்டு கைய எடுக்காம நின்னேன் பாப்பா. வர்கீஸ் வெய்ட்னான், நின்னேன். முன்னாடி இருந்தவரு நான் தூங்கிட்டேன்னு சொல்லிட்டாரு. அத நான் யார்கிட்டயும்...”

அங்கே நிறுத்துகிறார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. தூரத்தில் ஒரு சேவல் கூவுகிறது. அப்புறம் என் குரல், உற்சாகமாக: “ஐயா, பேரைத் திருப்பி எழுதிக் காட்டுறேன்னு சொன்னீங்களே.”

அவர் நிறுத்தியதற்கும் நான் பேசியதற்கும் நடுவில் இருக்கும் நேரத்தை மூன்று முறை அளந்து பார்த்தேன். நான்கு விநாடி.